ஜும்ஆ நடைபெற்ற இத்தாலிய நகரம்

இத்தாலி என்றதும் நம் நினைவுக்கு வருபவை ரோம், வெனிஸ், ஃபிளாரன்ஸ், சாய்ந்த கோபுரம் நிற்கும் பைசா ஆகிய நகரங்களே. சுற்றுலாக் குழுவினரை அழைத்துச் செல்வோரும் இந்நான்கையும் காட்டிவிட்டு, இத்தாலி முழுவதையும் காட்டிவிட்டதாக மனநிறைவு கொள்கின்றனர். அந்நகரங்களின் அழகையும் பெருமையையும் நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் அந்நாட்டின் தென்கிழக்கே, கோதுமை வயல்கள் சூழ்ந்த குன்று ஒன்றின்மீது, பயண வழிகாட்டி நூல்கள் ஓரிரு வரிகளில் கடந்து சென்றுவிடும் ஒரு சிறு நகரம் இருக்கிறது. அதன் பெயர் லுச்சேரா.

இந்நகரில் ஒரு காலத்தில் பாங்கொலி எழுந்தது. வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை நடைபெற்றது. முஸ்லிம்களின் வழக்குகளை அவர்களின் காஜியே விசாரித்துத் தீர்ப்பு வழங்கினார். இவையெல்லாம் நடந்தது ஸ்பெயினில் அன்று. போப்பாண்டவரின் ரோமிலிருந்து நேர்க்கோட்டில் 250 கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில்! ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் நீடித்த இந்நிலை, கி.பி. 1300ஆம் ஆண்டின் ஆகஸ்ட் மாதத்தில் பத்தே நாட்களில் முடிவுக்கு வந்தது.

ஸ்பெயின் நாட்டுக் கொர்டோவாவையும் கிரனாடாவையும் நம் இல்லங்களில் சிறுவர்களும் அறிவர். லுச்சேராவை அறிந்தவர் மிகச் சிலரே. ஐரோப்பா செல்லும் வாய்ப்புப் பெறுவோர் தம் பயணத்தில் ஒரு நாளையேனும் இந்நகருக்கு ஏன் ஒதுக்க வேண்டும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமவெளியின் காவல் மேடு

இத்தாலியின் வரைபடம் காலணி ஒன்றைப் போன்றது என்பர். அக்காலணியின் குதிகாலும் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியும் பூலியா மாநிலம். அம்மாநிலத்தின் வடபகுதியில் ஃபோஜா என்னும் நகரம் உள்ளது. அதற்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் லுச்சேரா அமைந்திருக்கிறது.

இந்நகரின் தொன்மை வியப்புக்குரியது. கிறித்து பிறப்பதற்கு 314 ஆண்டுகட்கு முன்னரே ரோமானியர் இங்கே தம் குடியேற்றத்தை நிறுவினர். பேரரசர் அகஸ்டஸின் காலத்தில் அவருடைய பெயரால் மாபெரும் வட்ட அரங்கு ஒன்றும் எழுப்பப்பட்டது. மண்ணுக்குள் புதைந்து மறைந்திருந்த அவ்வரங்கு 1932இல்தான் வெளிப்பட்டது. பல்லாயிரம் பேர் அமரத்தக்க அதன் நீள்வட்ட வடிவத்தையும், கல்வெட்டைத் தாங்கி நிற்கும் நுழைவாயிலையும் இன்றும் காணலாம்.

குன்றின் மேலிருந்து நோக்கினால் கிழக்கே பரந்த கோதுமைச் சமவெளியும், அதற்கப்பால் கர்கானோ மலைத்தொடரும் தெரியும். மேற்கே தவுனியா மலைகள். இச்சமவெளியைக் காக்க விரும்பும் எவரும் முதலில் கைப்பற்ற வேண்டிய மேடு இதுவே. இவ்வமைப்புதான் பதின்மூன்றாம் நூற்றாண்டில் நம் வரலாற்றை இவ்வூரோடு இணைத்தது.

சிசிலியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள்

கதை சிசிலித் தீவில் தொடங்குகிறது. ஹிஜ்ரி 212இல், அதாவது கி.பி. 827இல், கைரவான் நகரத்துக் காஜி அசத் இப்னுல் ஃபுராத் தலைமையில் முஸ்லிம் படை அத்தீவில் கால் வைத்தது. இவர் மதீனாவில் இமாம் மாலிக் அவர்களிடம் பாடம் கேட்ட மார்க்க அறிஞர். நான்கே ஆண்டுகளில் பலெர்மோ நகரம் முஸ்லிம்கள் வசமாயிற்று. வாய்க்கால் வெட்டி நீர் பாய்ச்சும் முறையும், எலுமிச்சை, கரும்பு முதலிய பயிர்களும் அத்தீவில் பரவின.

பின்னர் வடக்கிலிருந்து வந்த நார்மன் வீரர்கள் 1061 முதல் 1091 வரை முப்பதாண்டுகள் போரிட்டுத் தீவைக் கைப்பற்றினர். தொடக்கத்தில் நார்மன் மன்னர்கள் முஸ்லிம் அறிஞர்களையும் அலுவலர்களையும் தம் அரசவையில் வைத்துப் போற்றினர். புவியியல் மேதை அல் இத்ரீஸி தம் உலகப் படத்தை வரைந்தளித்தது இத்தகைய மன்னன் ஒருவனுக்கே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல முஸ்லிம்களின் நிலை தாழ்ந்தது. 1184ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே கரையேறிய ஸ்பெயின் நாட்டுப் பயணி இப்னு ஜுபைர், அவர்களின் உள்ளத்தில் குடிகொண்டிருந்த அச்சத்தைத் தம் பயணக் குறிப்பில் பதிவு செய்துள்ளார். 1189இல் இரண்டாம் வில்லியம் இறந்ததும் கலவரங்கள் மூண்டன. முஸ்லிம்கள் தீவின் மேற்குப்பகுதி மலைகளில் அடைக்கலம் புகுந்து, அங்கிருந்தபடி அரசை எதிர்த்து நின்றனர்.

இந்நிலையில் அரசுக்கு வந்தவன் இரண்டாம் ஃபிரெடரிக். இவன் பலெர்மோவில் வளர்ந்தவன்; அறிவியலிலும் தத்துவத்திலும் ஆர்வம் மிக்கவன்; அரபு அறிஞர்களோடு கடிதத் தொடர்பு கொண்டிருந்தவன். 1229இல் எகிப்து சுல்தான் அல் காமிலோடு போரின்றி உடன்படிக்கை செய்துகொண்டவனும் இவனே. இச்சிறப்புகளைக் கொண்டு இவனை முஸ்லிம்களின் நண்பன் என்று எழுதுவோர் பலர். ஆனால் சிசிலியின் முஸ்லிம்களிடம் இவன் நடந்துகொண்ட முறை வேறு. 1222இல் இயாத்தோ மலைக்கோட்டையை முற்றுகையிட்டான். எதிர்ப்பை முன்னின்று நடத்திய இப்னு அப்பாதைப் பிடித்துக் கொன்றான். அடுத்த ஆண்டு முதல் முஸ்லிம் குடும்பங்களைக் கூட்டங்கூட்டமாகத் தீவிலிருந்து அகற்றி, கடல் கடந்து லுச்சேராவுக்கு அனுப்பலானான். இவ்வெளியேற்றம் 1246 வரை விட்டுவிட்டுத் தொடர்ந்தது. இவ்வாறு வந்து சேர்ந்தோர் பதினையாயிரம் முதல் இருபதாயிரம் பேர் இருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கணிக்கின்றனர்.

தலைமுறை தலைமுறையாய் உழுத நிலத்தையும், முன்னோர் அடக்கமான கபுருஸ்தான்களையும், தொழுத பள்ளிவாசல்களையும் விட்டுவிட்டு அவர்கள் வந்தனர். இது விரும்பி ஏற்ற ஹிஜ்ரத் அன்று. வாள்முனையில் நிகழ்ந்த நாடு கடத்தல். இதனை நாம் மறந்துவிடலாகாது.

குன்றின்மேல் எழுந்த முஸ்லிம் நகரம்

ஃபிரெடரிக்கின் கணக்கு தெளிவானது. ஆப்பிரிக்கக் கரையிலிருந்து உதவி வர இயலாத தொலைவு. நாற்புறமும் கிறித்தவக் குடியிருப்புகள். ஆகவே இங்கே கிளர்ச்சிக்கு வழியில்லை. அவர்களின் உழைப்பும் வில்லாற்றலும் அரசனுக்குப் பயன்படும். போப்பாண்டவரோடு ஓயாது மோதிக்கொண்டிருந்த அவனுக்கு மற்றொரு வசதியும் இதில் இருந்தது. போப்பாண்டவர் மன்னனைச் சமயத்திலிருந்து விலக்கி ஆணையிட்டால் கிறித்தவப் படைவீரன் தயங்கக்கூடும். முஸ்லிம் வில்லாளியை அவ்வாணை ஒன்றும் செய்யாது!

இவ்வாறு அரசியல் தேவைக்காக அமைக்கப்பட்ட ஊரை அம்மக்கள் தம் உழைப்பால் ஒரு நகரமாகவே ஆக்கிக் காட்டினர். கோதுமையும் வாற்கோதுமையும் பயிரிட்டனர். உழவு மாடுகளாக அவர்களுக்கு ஆயிரம் எருதுகள் வழங்குமாறு மன்னன் பிறப்பித்த ஆணை, 1239-40ஆம் ஆண்டுகளின் அரசுப் பதிவேட்டில் காணப்படுகிறது. வில், அம்பு, சேணம், கூடாரம், மட்கலம் என அவர்கள் செய்யாத பொருளில்லை. அரண்மனைக்குரிய நூல் நூற்பிலும் நெசவிலும் பெண்கள் ஈடுபட்டிருந்தனர். மன்னனின் வேட்டைச் சிறுத்தைகளைப் பழக்கியோரும் ஒட்டகங்களைப் பராமரித்தோரும் இவர்களிடையே இருந்தனர்.

தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமைக்காக அவர்கள் தனி வரி செலுத்தினர். முஸ்லிம் நாடுகளில் பிற சமயத்தார் செலுத்திய ஜிஸ்யாவின் பெயரே, சிறிது திரிந்த வடிவில், இங்கே முஸ்லிம்கள் செலுத்திய வரிக்கு வழங்கிற்று என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

வாயிலை உடைத்துத் திறந்த விசுவாசம்

1250 டிசம்பர் 13இல், லுச்சேராவுக்கு வடக்கே சிறிது தொலைவிலிருந்த ஃபியோரென்தீனோ என்னும் கோட்டையில் ஃபிரெடரிக் இறந்தான். அவனுடைய மகன் மன்ஃபிரெட், 1254 நவம்பரில் பகைவர்களிடமிருந்து தப்பி, சில குதிரை வீரர்களுடன் லுச்சேராவின் வாயிலுக்கு வந்து நின்றான். நகரின் ஆளுநர் அப்போது ஊரில் இல்லை. வாயிலின் திறவுகோலும் காவலரிடம் இல்லை.

வாயிலின் அடியில் கழிவுநீர் வெளியேறும் வழி ஒன்று இருந்தது. அதன் வழியே ஊர்ந்து உள்ளே வந்துவிடலாம் என்று யோசனை கூறப்பட்டது. வேறு வழியின்றி மன்ஃபிரெட்டும் குனிந்தான். அக்காட்சியைக் கண்ட முஸ்லிம்களால் அதனைப் பொறுக்க முடியவில்லை. பேரரசனின் மைந்தன் இவ்வழியாகவா நம் ஊருக்குள் வருவது என்று கொதித்தெழுந்து, வாயில் கதவையே உடைத்துத் திறந்து, அவனைத் தூக்கிச் சென்றனர். அக்காலத்து வரலாற்றுக் குறிப்பில் உள்ள செய்தி இது.

தம் பெற்றோரைச் சிசிலியிலிருந்து பெயர்த்தெடுத்தவனின் மகன்தான் அவன். ஆயினும் அடைக்கலம் தேடி வந்தவனுக்கு அவர்கள் கதவைத் திறந்தனர். 1258இல் மன்ஃபிரெட் மன்னனாக முடிசூடினான். அவனுடைய பகைவர்கள் அவனை லுச்சேராவின் சுல்தான் என்று ஏளனம் செய்தனர்.

இப்னு வாஸில் கண்ட காட்சி

ஹிஜ்ரி 659இல், அதாவது 1261இல், எகிப்தின் சுல்தான் பைபர்ஸ் தம் தூதராக ஓர் அறிஞரை மன்ஃபிரெட்டிடம் அனுப்பினார். சிரியாவின் ஹமா நகரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர் ஜமாலுத்தீன் இப்னு வாஸில் என்பாரே அவர். இத்தாலியில் தாம் கண்டவற்றை அவர் எழுதி வைத்திராவிடில் லுச்சேராவின் வாழ்வு நமக்கு இத்துணைத் தெளிவாகத் தெரிந்திராது.

அவர் தரும் செய்திகள் இவை: தாம் தங்கியிருந்த இடத்திற்கு அருகே லூஜாரா என்னும் நகரம் உள்ளது, அதன் மக்கள் அனைவரும் சிசிலியிலிருந்து வந்த முஸ்லிம்கள், அங்கே ஜும்ஆ நடைபெறுகிறது, இஸ்லாமியக் கடமைகள் வெளிப்படையாக நிறைவேற்றப்படுகின்றன, மன்னனின் நெருங்கிய அலுவலர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவனுடைய பாசறையிலேயே பாங்கு சொல்லித் தொழுகிறார்கள், அந்நகரில் அறிவுத்துறைகளைப் பயில்வதற்கென ஒரு கல்விக்கூடமும் எழுப்பப்பட்டு வருகிறது.

மன்ஃபிரெட்டின் அறிவு வேட்கையைப் பாராட்டிய இப்னு வாஸில், தர்க்கவியலில் ஒரு நூல் எழுதி அவனுக்கு அளித்தார். அவர் 1298இல், முதிய வயதில் காலமானார். தாம் கண்டு மகிழ்ந்த நகருக்கு அடுத்த இரண்டே ஆண்டுகளில் நேர்ந்ததைக் கேட்க அவர் இல்லை.

பசியால் பணிந்த நகரம்

1266 பிப்ரவரி 26 அன்று பெனெவென்தோ என்னுமிடத்தில், பிரான்ஸ் அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆஞ்சூ சார்லஸின் படையோடு நடந்த போரில் மன்ஃபிரெட் கொல்லப்பட்டான். போப்பாண்டவரின் ஆதரவு பெற்ற சார்லஸ் நாட்டைக் கைப்பற்றினான். இரண்டாண்டுகளுக்குப் பின் ஃபிரெடரிக்கின் பேரன் இளம் கொன்ராட் உரிமை கோரி வந்தபோது, லுச்சேரா அவன் பக்கம் நின்றது. அவன் தோற்றான், நேப்பிள்ஸ் நகரில் தலை வெட்டப்பட்டான். லுச்சேரா மட்டும் தனித்து நின்று போராடியது. முற்றுகை நீடித்தது. 1269 ஆகஸ்டில், உண்ண உணவின்றிப் பசியால் வாடிய நகரம் பணிந்தது.

சார்லஸ் அவர்களை அழிக்கவில்லை. கடுமையான வரி விதித்து, அங்கேயே வாழ விட்டான். கூடவே, குன்றின் விளிம்பில் ஃபிரெடரிக் எழுப்பியிருந்த அரண்மனையைச் சுற்றி ஏறத்தாழ 900 மீட்டர் சுற்றளவுள்ள மதிலைக் கட்டினான். பிரான்சின் தென்பகுதியிலிருந்து கிறித்தவக் குடும்பங்களைக் கொண்டுவந்து அதனுள் குடியமர்த்தினான். லுச்சேரா முஸ்லிம்களோ புதிய அரசனுக்கும் உண்மையாகவே இருந்தனர். வரி செலுத்தினர், வயலை உழுதனர், கடல் கடந்து அவன் நடத்திய போர்களிலும் வில்லேந்திச் சென்றனர். இவ்வாறு மேலும் முப்பது ஆண்டுகள் கழிந்தன.

பெருநாளைக் காணாத மக்கள்

அடுத்து அரியணை ஏறிய இரண்டாம் சார்லஸ், சிசிலியை மீட்பதற்காக நடத்திய நீண்ட போரில் பெருங்கடனாளியானான். ஃபிளாரன்ஸ் நகரத்து வட்டித் தொழில் நிறுவனங்கள் அவனுடைய வருவாயையெல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. 1289இல் தன் ஆட்சிக்குட்பட்ட ஆஞ்சூ பகுதியிலிருந்து யூதர்களை வெளியேற்றியவன் இவன். 1300இல் அவன் பார்வை லுச்சேராவின்மீது விழுந்தது.

தன் ஆணைகளில் அவன் சமயக் காரணத்தையே கூறினான். கிறித்தவ நாட்டின் நடுவே இஸ்லாம் இருக்கலாகாது என்றான். ஆனால் நிறைந்த களஞ்சியங்களும், கால்நடைகளும், விலைக்கு விற்கத்தக்க பல்லாயிரம் மனிதர்களும் கொண்ட அந்நகரம், கடனில் மூழ்கிய மன்னனின் கண்ணுக்கு வேறு எவ்வாறு தோன்றியிருக்கும் என்பதையும் வரலாற்றறிஞர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். இவ்விரு காரணங்களில் எது பெரிது என்ற விவாதம் அவர்களிடையே உண்டு. விளைவைப் பற்றி விவாதம் இல்லை.

பார்லெத்தா ஊரைச் சேர்ந்த ஜோவானி பிப்பீனோ என்னும் அரசு அதிகாரியிடம் இப்பணி ஒப்படைக்கப்பட்டது. ஆகஸ்ட் 15 முதல் 24ஆம் நாளுக்குள் லுச்சேரா வீழ்ந்தது. எதிர்த்தவர்கள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர், ஆண், பெண், முதியோர், குழந்தை என்ற வேறுபாடின்றி, மந்தைகளாக ஓட்டிச் செல்லப்பட்டு, பல ஊர்ச் சந்தைகளில் அடிமைகளாக விற்கப்பட்டனர். விற்கப்பட்டவர் தொகை பத்தாயிரம் வரை இருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. அவர்களின் தானியமும் ஆடுமாடுகளும் வீட்டுப் பொருள்களும் அரசனின் பணமாக்கப்பட்டன.

அந்நாட்களை நம் நாட்காட்டியில் கணக்கிட்டுப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. அவை ஹிஜ்ரி 699, துல்கஅதா மாதத்தின் கடைசி நாட்களும் துல்ஹஜ்ஜின் முதல் வாரமும் ஆகும். பிறை கணக்கில் ஒரு நாள் முன்பின் ஆகலாம். ஆனால் ஹஜ்ஜுப் பெருநாள் ஆகஸ்ட் 27ஆம் நாளை ஒட்டியே வந்திருக்கும். குர்பானிக்கென வளர்த்த ஆடுகளும், பெருநாளுக்கெனத் தைத்த துணிகளும் அவ்வில்லங்களில் இருந்திருக்கும் அல்லவா? அப்பெருநாள் வருவதற்குள் அவர்களின் நகரம் அவர்களுடையதாக இல்லை.

மன்னன் அந்நகரின் பெயரையே மாற்றி, மர்யம் அன்னையாரின் பெயரால் சாந்தா மரியா நகர் என்று அழைத்தான். அப்பெயர் நிலைக்கவில்லை. மக்கள் நாவில் லுச்சேராவே நின்றது.

இன்று காணத்தக்கவை

இன்று லுச்சேரா முப்பதாயிரம் பேரளவில் வாழும் அமைதியான நகரம். அங்கே செல்வோர் முதலில் காண வேண்டியது கோட்டை. சதுரமும் ஐங்கோணமும் வட்டமுமான கோபுரங்களோடு மதில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது. உள்ளே நுழைந்தால் பரந்த புல்வெளியே கண்ணில் படும். அதன் ஒரு மூலையில் ஃபிரெடரிக்கின் அரண்மனையின் அடித்தளம் இருக்கிறது. மேற்பகுதிக் கற்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் வேறு கட்டடங்களுக்காகப் பெயர்த்துவிட்டனர்.

இரண்டாவது, நகரின் நடுவேயுள்ள பேராலயம். அழிவு நிகழ்ந்த அதே ஆண்டில் இரண்டாம் சார்லஸ் தொடங்கிய கட்டடம் இது. பெரிய பள்ளிவாசல் இருந்த இடத்தில்தான் இது எழுந்தது என்பது அவ்வூரில் வழிவழியாக வழங்கிவரும் செய்தி. அங்குள்ள பலிபீடக் கல், ஃபிரெடரிக் உயிர் நீத்த ஃபியோரென்தீனோ கோட்டையில் அவன் உணவருந்திய மேசைப் பலகை என்றும் கூறுகின்றனர்.

மூன்றாவது, ஃபியோரெல்லி அருங்காட்சியகம். ரோமானியச் சிலைகளோடு இடைக்கால மட்கலங்களையும் அங்கே காணலாம். அரசர்கள் கட்டியவை மதில்களும் மாளிகைகளும். எளிய குடும்பங்கள் விட்டுச்சென்றவை இத்தகைய கிண்ணங்களும் தட்டுகளுமே. குழந்தைகளோடு செல்வோர் இவற்றின் முன் சற்று நின்று அம்மக்களின் கதையைச் சொல்லிக் காட்டலாம்.

கூடுதலாக ஒரு நாள் கிடைத்தால், தெற்கே துரோயா என்னும் சிற்றூர்ப் பேராலயத்தின் வட்டச் சாளரத்தைப் பார்க்கலாம். கல்லில் செதுக்கிய அதன் பின்னல் வேலைப்பாட்டில் முஸ்லிம் கலையின் சாயலைக் கலை அறிஞர்கள் காண்கின்றனர். மேற்கு மலைகளில் ஃபாயெத்தோ, செல்லே என்னும் இரு கிராமங்கள் உள்ளன. இத்தாலியின் இத்தென்பகுதியில் பிரான்ஸ் எல்லைப்புற மொழி ஒன்றை அங்குள்ளோர் இன்றும் பேசுகின்றனர். லுச்சேராவைப் பணிய வைக்க ஆஞ்சூ சார்லஸ் கொண்டுவந்த வீரர்களின் வழிவந்தோரே தாங்கள் என்பது அவர்களின் மரபுச் செய்தி. வென்றவரின் மொழி எழுநூறு ஆண்டுகள் கடந்தும் மலையில் ஒலிக்கிறது. தோற்றவர் பேசிய அரபு மொழியோ சமவெளியில் அடங்கிப் போயிற்று.

செல்வோருக்குச் சில குறிப்புகள்

ரோமிலிருந்து ஃபோஜாவுக்கு நேரடி இரயில்கள் உண்டு. பயணம் சுமார் மூன்று மணி நேரம். மன்ஃபிரெட் வீழ்ந்த பெனெவென்தோ இவ்வழியிலேயே இருக்கிறது. ஃபோஜாவிலிருந்து லுச்சேராவுக்குக் கிளை இரயிலில் ஏறத்தாழ இருபது நிமிடம். இப்பாதை நீண்ட காலம் மூடிக் கிடந்து 2009இல் மீண்டும் திறக்கப்பட்டது. விமானத்தில் வருவோர் பாரி நகரில் இறங்கி ஃபோஜாவை அடையலாம்.

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் இச்சமவெளியில் வெயில் கடுமையாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை; கோதுமை வயல்கள் பச்சை போர்த்திருக்கும். நண்பகலுக்குப் பின் சில மணி நேரம் கடைகள் அடைக்கப்படுவது அங்கே வழக்கம். கோட்டையும் அருங்காட்சியகமும் திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

உணவைப் பொறுத்தவரை, பூலியா நம்மவர்க்கு அவ்வளவு இடர் தரும் பகுதி அன்று. கோதுமை ரொட்டி, ஒலிவ எண்ணெய், காது மடல் வடிவில் செய்யும் மாவுப் பண்டம், மொச்சை வகைப் பயற்று மசியலோடு கீரை, கடல் மீன் ஆகியவை எளிதில் கிடைக்கும். எனினும் சில ரொட்டிகளிலும் பலகாரங்களிலும் பன்றிக் கொழுப்புச் சேர்ப்பதுண்டு. குழம்புகளில் மது கலப்பதும் உண்டு. கேட்டுத் தெளிந்த பின் உண்ண வேண்டும். தொழுகைக்குத் தூய்மையான இடமொன்றைத் தேர்ந்துகொள்ளலாம். பூமி முழுவதும் நமக்குத் தொழுமிடமாக ஆக்கப்பட்டுள்ளது அல்லவா?

ஏன் செல்ல வேண்டும்?

எஞ்சி நிற்கும் பள்ளிவாசலோ, மினாராவோ, அடையாளம் காட்டத்தக்க ஒரு கபுரோ இல்லாத ஊருக்கு ஏன் செல்ல வேண்டும் என்று சிலர் கேட்கலாம். அதனாலேயே செல்ல வேண்டும் என்பது நம் விடை. கிரனாடாவின் அல்ஹம்ரா மாளிகை தன் கதையைத் தானே சொல்லிக்கொள்ளும். லுச்சேராவின் மக்களுக்காகப் பேசக் கல்லும் இல்லை. அவர்களை விற்க உதவிய பிப்பீனோ கட்டுவித்த ஆலயம் நேப்பிள்ஸில் இன்றும் நிற்கிறது. மன்ஃபிரெட்டின் பெயரை ஃபோஜாவுக்குக் கிழக்கே மன்ஃபிரெதோனியா என்னும் கடற்கரை நகரம் தாங்கி நிற்கிறது. அவனுக்காகக் கதவை உடைத்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை.

இங்கிருந்து நாம் பெறத்தக்க படிப்பினைகள் சில உண்டு. அரசன் ஒருவனின் தயவில் கிடைக்கும் பாதுகாப்பு, அத்தயவு உள்ளவரைதான் நிற்கும். சட்டத்திலும் மக்களின் நல்லெண்ணத்திலும் வேரூன்றாத உரிமை, ஆட்சி மாறியதும் காற்றில் பறந்துவிடும். லுச்சேராவின் முஸ்லிம்கள் மன்னருக்கு அருகே இருந்தனர். சுற்றியிருந்த ஊர் மக்களோடு கலந்து வாழும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. இறுதி நாளில் அவர்களுக்காகக் குரல் கொடுக்க அண்டை ஊரார் எவரும் முன்வரவில்லை. அண்டை அயலாரோடு நல்லுறவைப் பேண வேண்டியதன் தேவையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி அரிது.

மற்றொன்றையும் கூற வேண்டும். இக்கொடுமையை நினைவுகூர்வது இன்றைய லுச்சேரா மக்கள்மீதோ ஒரு சமயத்தார்மீதோ வெறுப்பை வளர்ப்பதற்காக அன்று. சிசிலியில் அவர்களைப் பிடுங்கி எறிந்தவனும், அறிவைத் தேடி முஸ்லிம் அறிஞரை அருகே அமர்த்திக்கொண்டவனும், கடனுக்காக அவர்களை விற்றவனும் கிறித்தவ மன்னர்களே. பேராசையும் அதிகார வெறியும் எச்சமயத்தாரின் உடைமையும் அல்ல. அவ்வாறே நன்றியும் வாக்குத் தவறாமையும். பகைவனின் மகன் குனிந்து வருவதைப் பொறுக்காமல் கதவை உடைத்த அம்மக்களின் பெருந்தன்மையை நம் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

எனவே உங்கள் குடும்பத்தில் எவரேனும் இத்தாலி செல்ல நேர்ந்தால், ரோமைக் கண்ட பின் ஒரு நாளை லுச்சேராவுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். மாலைப்பொழுதில் கோட்டைக்குள் அப்புல்வெளியில் நின்று, பெயர் அறியாத அம்மக்களுக்காக ஒரு ஃபாத்திஹா ஓதி துஆச் செய்யட்டும். இங்கிருந்தே அதனைச் செய்யவும் நமக்குத் தடையில்லை. அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் துயரங்களுக்கு ஈடாக நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.